அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஒரு சின்ன அணி பெரிய அணியைத் தோற்கடிக்க வாய்ப்பு இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் இந்த வருடம் படிக்க வந்தவர். அவருடைய பல்கலைக்கழகம் சீசனின் முதல் சனிக்கிழமை, யாரும் பேர்கூடச் சரியாகச் சொல்லாத ஓர் அணியுடன் ஆடப் போகிறது. எத்தனை பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்பதுதான் சுற்றி இருப்பவர்களின் ஒரே பேச்சாம். எதிரணிக்கு வாய்ப்பே கிடையாதா, இவர்கள் எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்.

வாய்ப்பு அநேகமாக இல்லை. பெரும்பாலும் இந்த மாதிரி ஆட்டங்களில் நாலு குவார்ட்டரில் (கால் பகுதியில்) மூன்றாவது முடிவதற்குள் பாதிக் கூட்டம் கிளம்பிவிடும். இதோடு பதிலை முடித்திருப்பேன். ஆனால் 2007 செப்டம்பர் 1 அன்று ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தின் மாணவர் பகுதியில் நான் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதுகூடத் தப்பு. அங்கே மாணவர்கள் யாரும் உட்காருவதில்லை, பெஞ்ச் மேல் ஏறி நிற்பார்கள்.

நான் ஊரிலிருந்து வந்து இறங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. இந்த விளையாட்டில் பந்தைக் கையால்தான் எறிவார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர். மூத்தவர் கோயம்புத்தூர்க்காரர், ஐந்தாம் வருட ஆராய்ச்சி மாணவர். அவரைத்தான் எல்லாவற்றுக்கும் கேட்போம், அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமை ராத்திரி சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஐம்பதுக்கு ஏழு. அந்த ஏழும் நம்ம பசங்க பாவம் பார்த்து விட்டாத்தான்."

எதிரணியின் பெயர் அப்பலாச்சியன் ஸ்டேட். வட கரோலினா மலையில் பூன் என்ற சின்ன ஊர். கல்லூரி அணிகளின் முதல் பிரிவிலேயே மேல்தட்டு, அடுத்த தட்டு என்று இரண்டு உண்டு. மேல்தட்டு அணிகள் அப்போது 85 பேருக்கு ஸ்காலர்ஷிப் தரலாம், அடுத்த தட்டுக்கு 63 பேர்தான் வரம்பு. பூன் அணி அந்த இரண்டாவது தட்டு. மிச்சிகனோ சீசன் தொடங்கும்போதே நாட்டில் ஐந்தாம் இடத்தில் இருந்தது. வந்து ஆடிவிட்டுப் போவதற்காக அந்தச் சின்னக் கல்லூரிக்கு மிச்சிகன் கொடுத்தது நாலு லட்சம் டாலர். இந்தப் பணம்தான் ரசிகர்களின் கணக்கைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். காசு வாங்கிக்கொண்டு அடி வாங்கிவிட்டுப் போக வருகிறவன்தானே என்று தோன்றிவிட்டால், அப்புறம் அவனைப் பற்றி யாரும் படிப்பதில்லை.

நான் படித்தேன். விளையாட்டு அறிவு இருந்து இல்லை, புதிதாக வந்தவனுக்கு வேறு வேலை இல்லாததால். 2005, 2006 என்று இரண்டு வருடமும் அவர்கள் தட்டில் அவர்கள்தான் சாம்பியன். இதை நான் அண்ணாவிடம் சொன்னபோது, "அது வேற லீக் தம்பி" என்றார். அந்த வருடம் மார்ச்சில்தான் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பங்களாதேஷிடம் இந்தியா தோற்று, உலகக் கோப்பையின் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வந்திருந்தது. அதை ஞாபகப்படுத்தினேன். "சாப்பிடற நேரத்துல அதை ஏன் எடுக்கற?" என்று கரண்டியை வைத்துவிட்டார்.

லேபில் ஒரு உள்ளூர்க்காரர் இருந்தார். அப்பா காலத்திலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருக்கும் குடும்பம். அவருடைய கணக்கு இன்னும் நுணுக்கமானது: குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) சாட் ஹென்னி, பந்தை எடுத்துக்கொண்டு ஓடும் மைக் ஹார்ட், முன்வரிசைத் தூண் ஜேக் லாங் ஆகிய மூன்று பேருமே தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் கடைசி வருடம் ஆடத் திரும்பியிருக்கிறார்கள், அதனால் இந்த வருடம் தேசிய சாம்பியன்ஷிப்தான் பேச்சு. அவர் சொன்னது எல்லாமே உண்மை. சொல்லாமல் விட்டதுதான் விஷயம். முந்தைய வருடம் முதல் பதினோரு ஆட்டத்தையும் ஜெயிக்கக் காரணமாக இருந்த தடுப்பணியிலிருந்து லாமார் வுட்லி, லியோன் ஹால், டேவிட் ஹாரிஸ், ஆலன் பிராஞ்ச் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். திரும்பி வந்தவர்களை எண்ணினார்கள், போனவர்களை யாரும் எண்ணவில்லை.

எதிர்ப்பக்கம் என்ன இருந்தது? ஜெர்ரி மூர் என்ற வயதான பயிற்சியாளர், 2004-இல் தன் ஆட்டமுறையையே மாற்றியிருந்தார். ஸ்ப்ரெட் என்பார்கள். ஆட்களை மைதானத்தின் முழு அகலத்துக்கும் பரப்பி நிறுத்துவது, எதிரணியும் பரவ வேண்டி வரும், நடுவில் சந்து விழும், வேகமாக ஓடக்கூடிய குவார்ட்டர்பேக் அந்தச் சந்தில் புகுந்துவிடுவான். மல்லுக்கட்டினால் 63 பேர் அணி 85 பேர் அணியிடம் நசுங்கிவிடும். ஓடவிட்டால் கனமான ஆட்களின் கனமே அவர்களுக்குச் சுமை. இந்த வித்தையை அவர்கள் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் ரிச் ராட்ரிகஸ் என்பவரிடம் போய்க் கற்றுக்கொண்டார்கள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆடிக்காட்ட அவர்களிடம் இருந்தது அர்மான்டி எட்வர்ட்ஸ், ஒல்லியான இரண்டாம் வருடப் பையன்.

முதல் ஆட்டம் என்பதில் இன்னொரு சங்கதி உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தொழில்முறை அணிகளுக்கு சீசனுக்கு முன் பயிற்சி ஆட்டங்கள் உண்டு. கல்லூரி அணிகள் அந்த மாதிரி வேறு கல்லூரிகளோடு மோதிப் பார்த்துவிட்டு சீசனுக்கு வருவதில்லை. தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிப் பார்ப்பதோடு சரி. ஆகவே தன் தடுப்பணியில் எங்கே ஓட்டை என்பது பெரிய அணிக்கே அந்தச் சனிக்கிழமைதான் தெரியவரும். சின்ன அணிக்கோ கோடை முழுக்க ஒரே ஓர் எதிரிதான் கண்ணில் நிற்கும். அக்டோபரில் அதே இரண்டு அணிகள் மோதினால் சங்கதி வேறு, அதற்குள் ஓட்டையை அடைத்திருப்பார்கள்.

சரி, ஆட்டம். மத்தியான ஆட்டம், நல்ல வெயில், ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் பேருக்கு மேல் கூட்டம். டிவியில் காட்டியது இரண்டு நாள் முன்பு தொடங்கிய புதுச் சானல், பெரிய கேபிள் கம்பெனிகள் பல அதை இன்னும் எடுத்திருக்கவில்லை. அதனால் மிச்சிகன் மாநிலத்திலேயே நிறையப் பேர் அன்று இதைப் பார்க்கவில்லை. கொடுத்து வைத்தவர்கள்.

மிச்சிகன் முதலில் டச்டவுன் போட்டது, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்த்தது. பதிலுக்கு எட்வர்ட்ஸ் ஒரு பந்தை வீச, டெக்ஸ்டர் ஜாக்சன் அதைப் பிடித்து ஓடி, மொத்தம் 68 யார்டில் டச்டவுன் போட்டார். சரி, ஏதோ ஒன்று என்று சிரித்தோம். இரண்டாவது குவார்ட்டரில் மட்டும் பூன்காரர்கள் இருபத்தொரு பாயிண்ட் எடுத்தார்கள். இடைவேளையில் 28-17, அவர்கள் முன்னால். என் பக்கத்தில் முகத்தில் மஞ்சளும் நீலமும் பூசியிருந்த ஒரு பையன், போர்டைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த தொப்பியின் உள்ளே பார்த்தான், அங்கே ஏதாவது விளக்கம் எழுதியிருக்கும் என்பதுபோல.

மிச்சிகனில் ஒரு வழக்கம். முக்கியமான கட்டங்களில் எல்லாரும் சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்குவார்கள். சாவிக்கான ஆங்கிலச் சொல்லுக்கே முக்கியம் என்ற பொருளும் இருப்பதால் வந்த சிலேடை. என்னிடம் மூன்று சாவி: வீடு, லேப், செகண்ட் ஹேண்டில் வாங்கிய சைக்கிளின் பூட்டு. இரண்டாம் பாதி முழுக்க அதைக் குலுக்கிக் குலுக்கி உள்ளங்கை சிவந்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது மைக் ஹார்ட் 54 யார்டு ஓடி டச்டவுன் போட்டார், 32-31, மிச்சிகன் முன்னால். அண்ணா திரும்பி, "சொன்னேன்ல?" என்றார். ஐம்பதுக்கு ஏழு என்று சொன்னவர் அவர்.

அதற்கப்புறம் எட்வர்ட்ஸ் வீசிய பந்தை மிச்சிகன் பறித்தது. கதை முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் மிச்சிகன் உதைத்த ஃபீல்டு கோலை (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று பாயிண்ட் எடுப்பது) அவர்கள் தடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒன்றரை நிமிடம், கடிகாரத்தை நிறுத்த அவர்களிடம் டைம் அவுட் ஒன்றுகூட இல்லை. அந்த எட்வர்ட்ஸ் பையன் பதற்றமே இல்லாமல் அணியை 69 யார்டு நகர்த்திக்கொண்டு வந்தான். 26 விநாடி இருக்கும்போது 24 யார்டு உதை, 34-32. இன்னும் முடியவில்லை. ஹென்னி வீசிய நீளமான பந்தை மரியோ மானிங்கம் பிடித்துவிட்டார். ஆறு விநாடி, 37 யார்டு ஃபீல்டு கோல், போட்டால் ஜெயிப்பு. சாவிகள் எல்லாம் மேலே. கோரி லிஞ்ச் என்பவர் ஓரத்திலிருந்து பாய்ந்து வந்து அதைத் தடுத்தார், தடுத்ததோடு பந்தை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் 52 யார்டு ஓடினார். அந்த ஓட்டத்தை ஒரு லட்சம் பேர் சத்தமே இல்லாமல் பார்த்தோம். ஒரு மூலையில் மட்டும் பூனிலிருந்து வந்திருந்தவர்கள் கத்தினார்கள், அது எங்கள் பக்கம்வரை கேட்டது. வீட்டுக்கு நடந்து, கதவைத் திறக்கப் போகும்போதுதான் சாவி இன்னும் கையிலேயே இருப்பது தெரிந்தது. அந்த ராத்திரி பூனில் தங்கள் மைதானத்தின் கோல் கம்பத்தைப் பிடுங்கி, பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு வாசலுக்கே தூக்கிக்கொண்டு போனார்களாம்.

மறுநாள் எல்லாரும் சொன்னது, நம் ஊரில் சொல்வதைப்போலத்தான்: யானைக்கும் அடி சறுக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடுத்த சனிக்கிழமை அதே மைதானத்தில் ஓரிகன் வந்தது, அவர்களும் ஸ்ப்ரெட், அவர்களுக்கும் ஓடுகிற குவார்ட்டர்பேக், 39-7 என்று அடித்துவிட்டுப் போனார்கள். அப்படியானால் முதல் வாரம் யானை சறுக்கவில்லை, தரையில் குழி இருந்தது, அது எங்கே என்று பூன்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த சீசன் முடிந்து பயிற்சியாளர் லாய்ட் கார் ஓய்வு பெற்றதும், மிச்சிகன் யாரைக் கொண்டுவந்தது தெரியுமா? மேற்கு வர்ஜீனியாவிலிருந்து ரிச் ராட்ரிகஸை. (அது வேறொரு சோகக் கதை, இன்னொரு கேள்வியில் யாராவது கேளுங்கள்.) பூன் அணி அந்த வருடமும் தன் தட்டில் சாம்பியன் ஆனது. ஏபி செய்தி நிறுவனத்துக்காகப் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடும் தரவரிசையில் இரண்டாம் தட்டு அணிகளுக்கும் ஓட்டுப் போடலாம் என்று விதியை மாற்றியதும் இந்த ஒரு ஆட்டத்தால்தான்.

இது ஒன்றே ஒன்று என்று நினைக்க வேண்டாம். 2013-இல் வட டகோட்டா ஸ்டேட் தன் முதல் ஆட்டத்தில் கான்சஸ் ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே 24-21 என்று ஜெயித்தது. 2017-இல் ஹாவர்டு, 45 பாயிண்டில் தோற்கும் என்று பந்தயக்காரர்கள் எழுதிவைத்த அணி, லாஸ் வேகஸ் அணியை 43-40 என்று முடித்தது. அங்கேயும் ஓடுகிற குவார்ட்டர்பேக்தான், தொழில்முறை ஆட்டத்தில் பேர் வாங்கிய குவார்ட்டர்பேக் கேம் நியூட்டனின் தம்பி.

இப்போது என் அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். 2014-இல் அதே அப்பலாச்சியன் ஸ்டேட் மறுபடி ஆன் ஆர்பருக்கு வந்தது, சீசனின் முதல் ஆட்டம். நான் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தேன். அண்ணாவுக்குப் போன் போட்டு, இவர்கள்தான் மறுபடியும், ஒரு பிரியாணி பந்தயம் என்றேன். 52-14, மிச்சிகன் துவைத்து எடுத்தது. எட்வர்ட்ஸ் இல்லை, மூர் இல்லை, அணி மேல்தட்டுக்கு அப்போதுதான் ஏறியிருந்தது. 2007-இல் மிச்சிகன் ரசிகர்கள் செய்த அதே தப்பை நான் தலைகீழாகச் செய்திருந்தேன், ஆளைப் பார்க்காமல் பெயரைப் பார்த்தேன். பிரியாணி இன்னும் பாக்கி, அவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஞாபகப்படுத்துகிறார்.

உங்கள் சனிக்கிழமைக்கு வருவோம். எதிரணி எந்தத் தட்டு, எவ்வளவு பணம் வாங்குகிறது என்பதை விடுங்கள். அவர்கள் குவார்ட்டர்பேக் பழைய ஆளா, ஓடுவானா? போன வருட அணியில் எத்தனை பேர் மிச்சம்? உங்கள் தடுப்பணியிலிருந்து யார் யார் போனார்கள்? ஒரு எச்சரிக்கை: 2021-க்கு அப்புறம் வேறு கல்லூரிக்கு மாறிய உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்துவிட்டது. இன்று ஒரு எட்வர்ட்ஸ் வந்தால் அடுத்த குளிர்காலத்துக்குள் ஏதாவது பெரிய கல்லூரி கொத்திக்கொண்டு போய்விடும். அவர் பூனிலேயே நாலு வருடமும் ஆடியது இன்றைக்கு நடக்குமா என்பது சந்தேகம். அந்த வகையில் உங்கள் நண்பர்களின் தெனாவட்டுக்கு 2007-ஐவிட இப்போது கொஞ்சம் கூடுதல் நியாயம் உண்டு.

டிக்கெட் கிடைத்தால் போய்விடுங்கள், தண்ணீர் பாட்டிலை உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எதிரணி குவார்ட்டர்பேக் எத்தனையாவது வருடம் படிக்கிறான் என்று மட்டும் பார்த்துக் கமெண்டில் போடுங்கள், என் ஸ்கோரைச் சொல்கிறேன். பிரியாணி மட்டும் கட்ட மாட்டேன்.