கேள்வி – பதில்: குதிர் சாய்ந்தது யாரால்?

கேள்வி: ஆப்பிரிக்கத் தத்துவம் பற்றிய நூல்களில் சூனிய நம்பிக்கைக்குப் பக்கம் பக்கமாக இடம் தருகிறார்கள். காரண காரியம் தெரியாதவர்களின் மூடநம்பிக்கையில் பேச என்ன இருக்கிறது? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

காரணம் அவர்களுக்குத் தெரியும் என்பதுதான் சிக்கலே. தெற்கு சூடானின் அசாண்டே மக்களிடம் 1920-களின் பிற்பாதியில் களப்பணி செய்த பிரிட்டிஷ் மானிடவியலாளர் எவான்ஸ்-பிரிட்சார்ட் 1937-ல் எழுதிய ஒரு நிகழ்வைப் பாருங்கள். கால் நட்டு உயர்த்திக் கட்டிய தானியக் குதிரின் நிழலில் வெயிலுக்கு ஆட்கள் ஒதுங்குகிறார்கள். குதிர் சாய்ந்து சிலர் அடிபடுகிறார்கள். கால்களைக் கரையான் அரித்துவிட்டது என்பதை அசாண்டேகாரர் மறுப்பதில்லை. இவர்கள் உட்கார்ந்திருந்த அதே நேரத்தில் அது ஏன் விழுந்தது என்று கேட்கிறார். நாம் ‘தற்செயல்’ என்று சொல்லிக் கேள்வியை மூடிவிடுகிறோம். அவர் ‘மாங்கு’, அதாவது சூனியம், என்கிறார். ஒருவரை யானை கொன்றால் யானை முதல் ஈட்டி, மாங்கு இரண்டாவது ஈட்டி, இரண்டும் சேர்ந்தே கொன்றன என்பது அவர்கள் வழக்கு.

மாங்கு என்பது வயிற்றுக்குள் இருக்கும் ஒரு பொருள்; தந்தையிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் வரும். நம் ஊர்ச் செய்வினை போல மந்திரம், தகடு எதுவும் கிடையாது. எல்லாப் பழியும் அதன் தலையில் விழுவதுமில்லை: பொய் சொன்னவன் மாங்குவைச் சாக்குச் சொன்னால் எடுபடாது.

கேள்வி: இன்னார்தான் என்று எப்படி முடிவு செய்தார்கள்? சோதனை பொய்த்தால் நம்பிக்கை போய்விடாதா? (ஒரு வாசகி, தேனி)

முக்கியமான சோதனை ‘பெங்கே’. ஒரு கொடியிலிருந்து எடுக்கும் சிவப்புப் பொடியை நீரில் குழைத்துக் கோழிக்குஞ்சின் வாயில் புகட்டுவார்கள். எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னினைப் போன்ற நஞ்சு அது. ‘இன்னார் காரணம் என்றால் குஞ்சைக் கொல்’ என்று நஞ்சிடமே சொல்வார்கள். குஞ்சு செத்தால் இரண்டாவது குஞ்சுக்குப் புகட்டி, நஞ்சிடம் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: ‘அது உண்மையானால் இதை விட்டுவிடு’. ஒன்று செத்து ஒன்று பிழைத்தால்தான் தீர்ப்பு.

இரண்டும் செத்தால்? நஞ்சு கெட்டிருக்கலாம், புகட்டியவர் விலக்கை மீறியிருக்கலாம், இன்னொரு மாங்கு குறுக்கிட்டிருக்கலாம். விளக்கங்கள் எல்லாம் அந்த நம்பிக்கைக்குள்ளிருந்தே வருவதால் அது அசையாது. செலவு வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு: கரையான் புற்றில் இரு மரங்களின் குச்சிகளைச் செருகி, மறுநாள் எதை அரித்திருக்கிறது என்று பார்ப்பது.

தீர்ப்பானதும் அடிதடி இல்லை. செத்த குஞ்சின் சிறகைக் குற்றம் சாட்டப்பட்டவர் முன் வைப்பார்கள். அவர் வாயில் நீரெடுத்துச் சிறகின் மேல் கொப்பளித்து, ‘என்னுள் மாங்கு எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அடங்கட்டும்’ என்ற பொருளில் சொல்வார். சாவு விவகாரங்கள் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

கேள்வி: ஆப்பிரிக்கத் தத்துவ அறிஞர்கள் இதை ஏற்கிறார்களா? (ஒரு வாசகர், ஈரோடு)

பலர் ஏற்பதில்லை. கானாவின் குவாசி விரேடு ஒப்பிடும் முறையையே சாடினார்: ஆப்பிரிக்கப் பாமர நம்பிக்கையை மேற்கின் பாமர நம்பிக்கையோடு வைத்துப் பாருங்கள், மேற்கின் அறிவியலோடு வைக்காதீர்கள் என்றார். பீட்டர் விஞ்ச் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 1964-ல் வேறு பக்கம் நின்றார்: மாங்கு பரம்பரையாக வருமென்றால் ஒருவர் சிக்கினால் குலமே சிக்க வேண்டுமே என்ற முரண்பாட்டை அசாண்டே மக்கள் துரத்துவதில்லை, துரத்தச் சொல்வது நம் தவறு என்று வாதாடினார்.

எனக்கு விரேடு பக்கமே சாய்வு. உள்ளுக்குள் ஒன்றோடொன்று பொருந்துவதாலேயே ஒரு நம்பிக்கை உண்மையாகிவிடாது. வட கானாவின் கம்பாகாவில் சூனியக்காரிகள் என்று ஊரைவிட்டு விரட்டப்பட்ட பெண்கள், பெரும்பாலும் வயதானவர்கள், தனி முகாமில் வாழ்கிறார்கள். சூனியக் குற்றச்சாட்டால் நடக்கும் கொடுமைகளைக் கண்டித்து ஐ.நா. மனித உரிமை மன்றம் 2021 ஜூலையில்தான் தீர்மானம் நிறைவேற்றியது.