கேளுங்க, சொல்றோம்: ஏழு பாட்டு, ஒரே மூச்சு

கும்பகோணம் வாசகர் ஒருவர்: போன இதழில் அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் ‘செவன் சாம்ஸ்’ ஆல்பத்தை ஒரே வரியில் புகழ்ந்திருந்தீர்கள். நம்பிப் போய்க் கேட்டேன். 33 நிமிடமும் ஒரே துண்டு, பிடித்த பாட்டை மட்டும் திரும்பப் போட வழியில்லை. மனுஷனுக்குக் குரலும் போய்விட்டது. அப்படி என்ன கண்டீர்கள்?

பதில்: குரல் போகவில்லை, மெலிந்திருக்கிறது. 1941-ல் பிறந்தவர், 2023 மே மாதம் இது வெளிவந்தபோது 81 வயது. அந்த வயதில் எட்டாத ஸ்தாயியை எட்டிப் பிடிக்கிறேன் என்று மேடையில் திணறுபவர்களை நாமும் பார்த்திருக்கிறோம், இவர் அந்த வம்புக்கே போகவில்லை. பாதி பேச்சு பாதி பாட்டு என்று கிடாரை ஒட்டியே போகிறார், சுற்றிலும் மணி, புல்லாங்குழல், அப்புறம் ‘வோசஸ் 8’ என்ற பிரிட்டிஷ் குழுவின் சேர்ந்திசை எல்லாம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன. கிடார் வாசிப்பில் வயசே தெரியவில்லை.

ஒரே துண்டாக விட்டது வேண்டுமென்றே. ஏழு பகுதிகளுக்கும் பெயர் உண்டு, ஆனால் ஒன்றை மட்டும் தட்டிக் கேட்கும்படி பிரித்து வைக்கவில்லை, முதல் பகுதியான ‘தி லார்ட்’ நடுவில் மறுபடியும் தலைகாட்டுகிறது. சித்திரையில் ஐயாறப்பர் பல்லக்கு திருவையாற்றிலிருந்து கிளம்பி திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி என்று ஏழு ஊரையும் சுற்றித் திரும்பும்போது, கண்டியூரில் மட்டும் நின்று பார்த்துவிட்டு ‘ஏழூர் பார்த்தேன்’ என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? அதுதான் இங்கேயும்.

மன்னார்குடி, கல்லூரி மாணவி: 2018-லேயே ‘இனி ஊர் ஊராகப் போய்ப் பாட மாட்டேன்’ என்று விடைபெற்றவர்தானே சார்? நம் நடிகர்களின் ‘கடைசிப் படம்’ கதையா இதுவும்?

பதில்: கொஞ்சம் அப்படித்தான் ஆகிவிட்டது. 2025-ல் மறுபடி மேடையேறி, முதல் பாதி முழுக்க இந்த ஏழையும் வரிசையாகப் பாடினார். ஆனால் ஆல்பம் வந்த விதம் வேறு. 2019 ஜனவரி 15 ராத்திரி, ‘நீ செவன் சாம்ஸ், அதாவது ஏழு சங்கீதங்கள் என்று ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறாய்’ என்று ஒரு கனவு. பைபிளில் வரும் துதிப்பாட்டுகளுக்குத்தான் சங்கீதங்கள் என்று பெயர். எழுந்து தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறார். அதற்குமுன் பாட்டு எழுதும் எண்ணமே இல்லையாம். பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடிகாலை மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவே விழிப்பு வர, அப்போது வரிகளும் வந்தன என்கிறார். மார்கழியில் திருவெம்பாவைக்கு எழுந்து பழகிய நமக்கு அந்த நேரத்தின் ருசி தெரியும், ஆகவே நான் நம்புகிறேன்.

நாகப்பட்டினம் வாசகர்: கிறித்தவ பக்திப் பாட்டுகளா? என்னைப் போன்ற அரைகுறை நாத்திகன் கேட்கலாமா?

பதில்: தாராளமாக. அவர் பிறந்தது யூதக் குடும்பத்தில், பாட்டில் பிரசாரம் எதுவும் இல்லை. கடவுளை ஏழைக்குக் கிடைக்கும் சாப்பாடு, அந்நியனுக்குத் திறக்கும் கதவு என்று சொல்லிக்கொண்டே வந்து, அதே மூச்சில் கொரோனா கிருமியும் அவர்தான், பொங்கும் கடலும் அவர்தான் என்கிறார். 2004 டிசம்பரில் உங்கள் ஊரில் இருந்தவர்களுக்கு அந்தக் கடல் வெறும் உவமை இல்லை, நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

இதை முடிக்கிற கட்டத்தில் அவருக்கு இடது காது கேட்காமல் போனது. நமக்கு உடனே சுந்தரர் ஞாபகம் வரும். இரண்டு கண்ணும் போய், காஞ்சியில் ஒன்றைத் திரும்பப் பெற்று, மற்றதற்காகத் திருவாரூர் வந்து ‘வாழ்ந்து போதீரே’ என்று தியாகேசரையே குத்திக்காட்டிப் பாடியவர். சைமன் அந்த அளவுக்கு உரிமையோடு சண்டை போடவில்லை, எனக்கு அது ஒரு குறைதான். கடைசிப் பகுதியில்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறார்: பொறு, நான் இன்னும் தயாராகவில்லை என்று. அங்கே மனைவி ஈடி பிரிக்கெலின் குரல் வந்து சேர்கிறது. இருவரும் ‘ஆமென்’ சொல்லி முடிக்கிறார்கள். ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

திருத்துறைப்பூண்டி வாசகி: தஞ்சாவூர் பஸ்ஸில் போகும்போது கேட்டேன், பாதி காதில் விழவே இல்லை. இயர்போன் கோளாறா?

பதில்: இயர்போனைத் திட்டாதீர்கள். நம் பஸ் ஹாரனுக்கு முன்னால் இந்த ஆல்பம் பிழைக்காது, அத்தனை மென்மையான ஒலியில் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து, பாத்திரம் பண்டத்தை எல்லாம் ஒதுக்கிவிட்டு உட்காருங்கள். மூன்றாவது பகுதியான ‘மை புரொபஷனல் ஒப்பீனியன்’ மட்டும் கிண்டலும் கேலியுமாக இழுத்துக்கொண்டே போகும், அப்போது எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வரலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.