கடலட்டையோ, பனையோ, ஆடோ: கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்

கரையோரச் சனத்தோட 30 வருசம் வேலை செய்து இப்ப ரிட்டயர் ஆகி வீட்டில இருக்கிறன். குடும்ப வருமானம், பனை, கடல், கிணறு பற்றிக் கேளுங்கோ. லோன் எங்க எடுக்கலாம் எண்டு மட்டும் கேக்காதேங்கோ.

கே: எங்கட ஊர்ச் சங்கத்தில 10 பொம்பிளையளுக்குத் தொழில் தொடங்கப் போறம், பனை சரிவருமோ அக்கா?

சரிவரும். ஆனா ஆர் வாங்குவினம் எண்டு முதல் கேளுங்கோ. 10 பேருக்கும் ஒரே மாதிரிப் பெட்டி பின்னப் பழக்கி, சேர்ட்டிபிக்கேட் குடுத்து, போட்டோவும் எடுத்து, பிறகு அந்தப் பெட்டியெல்லாம் சங்கக் கட்டிடத்தில பூச்சி அரிச்சுக் கிடந்ததை நானே கண்டிருக்கிறன். சாப்பாட்டுச் சாமானில தொடங்குங்கோ. ஆவணி, புரட்டாதியில பழம் விழும், களியைப் பிழிஞ்சு பாயில காயவிட்டா பினாட்டு, கொட்டையைப் பாத்தியில அடுக்கினா தை மாசமளவில கிழங்கு, அதை அவிச்சுக் காயவிட்டா புழுக்கொடியல், அவிக்காமக் காயவிட்டா ஒடியல். மரத்தில ஒரு கீறல் விழாது. பெட்டி பின்னுற சார்வோலை (குருத்தோலை) அப்பிடியில்லை, ஒரே மரத்தில திரும்பத் திரும்பக் குருத்தை எடுத்தா மரம் நலிஞ்சுபோகும்.

கே: பனங்கட்டி காய்ச்சினா?

குட்டானில (சின்ன ஓலைப்பெட்டி) கட்டிக் குடுத்தா நல்ல விலை. ஆனா கருப்பணியை (பதநீர்) மணித்தியாலக் கணக்கா வத்தக் காய்ச்ச வேணும், விறகுக்குக் கரையோரக் கண்டல் மரம் வெட்டுறதெண்டா வேண்டாம். பனைமட்டையும் ஊமலும் (கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சிற கொட்டை) எரியுங்கோ.

கே: குழாய்க்கிணறு அடிச்சு மூண்டு போகம் வெங்காயம் போடலாமோ?

தம்பி, எங்கட யாழ்ப்பாணத்தில நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல், நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குது. நீர்மட்டம் ஒரு அடி இறங்கினா உப்பு கிட்டத்தட்ட 40 அடி ஏறப் பாக்கும், அதான் கணக்கு. உங்கட மோட்டரால பக்கத்து வீட்டு ஏழைக்குக் குடிதண்ணி போகும். யூரியாவையும் அள்ளிக் கொட்டாதேங்கோ, அது நேர கிணத்துக்குத்தான் இறங்கும்.

கே: கடலட்டைப் பண்ணை போடலாமோ? கனக்கப் பேர் போடுகினம்.

வெள்ளை அட்டை நல்ல விலை, தீனியும் போடத் தேவையில்லை, மண்ணில கிடக்கிற அழுக்கைத் திண்டு வளரும். பிரச்சினை அட்டையில இல்லை, வேலியில. அடைக்கிறது முழங்கால் தண்ணிக் கடல். வள்ளம் இல்லாதவை நடந்து போய் இறாலும் நண்டும் பிடிக்கிற இடம் அதுதான். கடற்புல்லு அங்கதான் நிக்குது, ஓராவும் இறாலும் அதுக்குள்ளதான் குஞ்சா வளருது. கிளிநொச்சிப் பக்கம் கிராஞ்சியில 2022 இல அட்டைப் பண்ணைக்கு எதிராச் சனம் ஏன் போராடினது?

ஒரு தம்பி இடையில எழுதுறார்: "அக்கா, டொலர் வருகுது. உங்களமாதிரி ஆக்களாலதான் நாங்கள் முன்னேறேல்லை. என்ர மச்சான் பண்ணை போட்டு வீடு கட்டினவர்."

மச்சான் வீடு கட்டினது சந்தோசம், உண்மையாத்தான் சொல்லுறன். அதே துண்டில முந்தி எத்தினை பேர் கறிக்கு நண்டு பிடிச்சவை, அவை இப்ப எங்க போகினம் எண்டும் அவரைக் கேட்டுப் பாருங்கோ. 

திரும்ப அவர்: "அப்ப ட்ரோலர் வந்து அள்ளுறது பரவாயில்லையோ?"

ஆர் சொன்னது? ட்ரோலர் இழுக்கிற இழுவைமடியை இலங்கையில 2017 இல சட்டம் போட்டே தடுத்தாச்சு, அந்த மடிக்கும் நான் எதிர்தான். ட்ரோலர்காரன் களவெடுக்கிறான் எண்டதுக்காக நாங்கள் முற்றத்தை அடைக்கலாமோ? அட்டை வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. கடற்புல்லில்லாத இடத்தில, நடக்கவும் வள்ளம் போகவும் வழி விட்டு, ஊர்ச் சங்கத்தின்ர பேரில, சின்னனா. அதுக்கு மச்சானும் ஓம் எண்டுவார்.

கே: அட்டைக்குஞ்சு எங்க வாங்கலாம்?

நெக்டா (நீருயிரின வளர்ப்பு அதிகார சபை) ஒஃபிஸில கேளுங்கோ.

கே: அக்கா, அட்டைக்கு என்ன செலவு?

மேல வாசிச்சனீங்களோ?

கே: கடற்பாசி?

மூங்கில் மிதவையில 45 நாளில வெட்டலாம், பொம்பிளையளுக்கு ஏத்த வேலை. ஆனா வெளியில இருந்து வந்த இனம், இந்தியாப் பக்கம் மன்னார் வளைகுடாவில இருக்கிற குருசடைத்தீவில பவளப்பாறைக்கு மேலேயே படர்ந்தது. பவளப்பாறை இருக்கிற பக்கம் போடாதேங்கோ. ஆர் வாங்குவினம் எண்டு கேட்டனீங்களோ?

கே: ஆடு?

கட்டி வளருங்கோ. அவிட்டு விட்டா போன மாரியில நட்ட கண்டு ஒண்டும் மிஞ்சாது.

கே: அக்கா, அட்டைப் பண்ணைக்கு லோன்...

சோறு வடிக்கப் போறன். பின்னேரம் வாறன்.