வயது 24, பவர் மைனஸ் 5.50. லேசிக் செய்யலாமா? அம்மா வேண்டாம் என்கிறார்

லேசிக், அதாவது கண்ணாடியை விடுவதற்காகச் செய்யும் லேசர் அறுவை, செய்யலாமா என்ற இந்தக் கேள்விக்கு என் கதையை மட்டும் சொன்னால் பாதிப் பதில்தான் ஆகும். என் தம்பியின் கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே மருத்துவரிடம் கண்ணைக் காட்டினோம், எனக்குச் செய்யலாம் என்றார், அவனுக்குச் செய்யவே கூடாது என்றார்.

நான் மலேசியாவில் பட்டர்வொர்த், வேலை எதிரே பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பாக்டரியில், கிளீன்ரூம், 12 மணி நேர ஷிப்ட். கண்ணாடி போட்டு, முகக்கவசம் போட்டு, அதற்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டால் பத்து நிமிடத்தில் எல்லாம் ஆவி படிந்துவிடும், கையுறையோடு துடைக்கவும் முடியாது. லென்ஸ் போட்டால் ஏர்கோனில் கண் எரியும். என் பவர் அப்போது மைனஸ் 6.25. அதனால் ஆசைக்காக இல்லை, உண்மையிலேயே தேவை இருந்துதான் போனேன்.

2022 கடைசியில் ஒரு பேரங்காடியில் கண் சிகிச்சை நிலையம் ஒன்று மேசை போட்டிருந்தார்கள், இரண்டு பேர் சேர்ந்து வந்தால் தள்ளுபடி என்றார்கள். தம்பிக்கும் கண்ணாடி உண்டு, அவனையும் இழுத்துக்கொண்டு போனேன். மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி பவர் பார்த்தார்கள், பத்து நிமிடத்தில் இருவருக்கும் செய்யலாம் என்று சொல்லி ஆளுக்கு 200 வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டு தேதியும் கொடுத்துவிட்டார்கள். அன்று காலை வரை நான் லென்ஸ் போட்டிருந்தேன். அதைக் கழற்றி எத்தனை நாளாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும், ஏனென்றால் சாஃப்ட் லென்ஸ் போடுகிறவர்களின் கருவிழி, அதாவது கண்ணின் முன்னால் இருக்கும் ஒளி புகும் படலம், லென்ஸின் அழுத்தத்தில் கொஞ்சம் வடிவம் மாறியிருக்கும், ஒன்றிரண்டு வாரமாவது கழற்றி வைத்த பிறகுதான் அளவு எடுக்க வேண்டும், ஹார்ட் லென்ஸ் என்றால் இன்னும் கூடுதல் வாரங்கள். கூட வேலை செய்யும் தோழி ஒருத்திதான் "மேப் எடுத்தார்களா?" என்று கேட்டாள், கருவிழியின் வடிவத்தைக் காட்டும் படத்தைத்தான் அப்படிச் சொன்னாள். அவள் கேட்காமல் இருந்திருந்தால் தம்பியின் கண் இன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

முன்பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, லென்ஸைக் கழற்றி மூன்று வாரம் கழித்து வேறொரு மருத்துவரிடம் போனோம். அங்கே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆனது. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்கள், கண்ணீர் அளவு பார்த்தார்கள், கருவிழியின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் வண்ண வண்ணமாக மேப் எடுத்தார்கள். என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கு அலர்ஜி, காலையில் எழுந்ததும் கண்ணைக் கசக்கோ கசக்கு என்று கசக்குவான். அவனுடைய சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததற்குக் கொடுக்கும் பவர், வருஷா வருஷம் ஏறிக்கொண்டே இருந்தது, கண்ணாடிக் கடையில் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், நாங்களும் ஏன் என்று கேட்டதில்லை. மேப்பில் இரண்டு கண்ணிலும் கீழ்ப்பகுதி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது, அந்த இடம் அதிகம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கெரட்டோகோனஸ், ஆரம்ப நிலை என்றார் மருத்துவர். கருவிழி மெல்ல மெல்லக் கூம்பு மாதிரி பிதுங்கும் நோய், அதன் மேல் லேசர் வைத்து இன்னும் மெலிய வைத்தால் பிதுங்கல் வேகமாகிப் பார்வை மோசமாகும். நம்மைப் போன்ற தெற்காசிய வம்சாவளியினரிடம் இந்த நோய் வெள்ளைக்காரர்களைவிட அதிகம் என்று இங்கிலாந்தில் செய்த ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அதனால் "எல்லோருக்கும் செய்கிறார்களே" என்ற பேச்சு நமக்குக் கொஞ்சமும் போதாது.

உங்கள் பவருக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், மருத்துவர் எனக்குத் தாளில் எழுதிக் காட்டிய கணக்குதான். கருவிழியின் கனம் சராசரி 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். லேசிக் என்றால் முதலில் 110 மைக்ரான் அளவில் ஒரு மூடியை வெட்டித் திறப்பார்கள், அதற்குக் கீழே ஒரு பவருக்கு ஏறக்குறைய 14 மைக்ரான் வீதம் லேசர் சீவும், உங்கள் 5.50க்கு 75லிருந்து 80 மைக்ரான் போகும். மூடிக்குக் கீழே குறைந்தது 250 மிச்சம் இருக்க வேண்டும், நிறைய மருத்துவர்கள் 300 இருந்தால்தான் கை வைப்பார்கள். உங்கள் கனம் 540 என்றால் 350 மிஞ்சும், தாராளம். 480 என்றால் 300க்குக் கீழே போய்விடும். என் கனம் 508. என் பவருக்குக் கிட்டத்தட்ட 90 மைக்ரான் சீவினால் மிச்சம் 308தான் வரும், அதனால் மூடி வெட்டாமல் மேல்தோலை மட்டும் எடுத்துச் சீவும் பிஆர்கே முறைதான் எனக்கு நல்லது என்றார். ஸ்மைல் என்று இன்னொன்று இருக்கிறது, மூடி கிடையாது, சின்னத் துளை வழியாக உள்ளே வெட்டிய மெல்லிய வில்லையை எடுத்துவிடுவார்கள். எந்த முறைக்கு எந்த ஊரில் என்ன சலுகை என்று தேடுவதை விட்டுவிட்டு, உங்கள் கனம் என்ன, மேப் எப்படி இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு முறை தானாகவே முடிவாகும்.

அம்மாவின் பயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் அம்மாவும் அழுதார். எங்கள் மாமாவுக்கு இனிப்புநீர், கண்ணுக்கு லேசர் வைத்தார்கள், அப்புறம் பார்வை போய்விட்டது, ஆகவே லேசர் என்றாலே அம்மாவுக்குக் குருடு என்றுதான் அர்த்தம். நம் வீடுகளில் இந்தக் குழப்பம் நிறைய இருக்கும், 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர், இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம். மாமாவுக்கு வைத்தது கண்ணின் பின்னால் விழித்திரையில் கசியும் ரத்தக் குழாய்களுக்கான லேசர், அவர் தாமதமாகப் போனதால் பார்வை போனது, லேசரால் போகவில்லை. நமக்குச் செய்வது எக்சைமர் லேசர், கருவிழியைத் தாண்டிக் கண்ணுக்குள்ளே போகாது. அது உயிருள்ள திசுவைச் சுடாமல் மெல்லியதாகச் சீவும் என்று 1981ல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டுபிடித்த குழுவில் முக்கியமானவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில்தான் முதலில் சோதித்துப் பார்த்தார்களாம். இதைச் சொன்னபோதுதான் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு "நம்ம ஆளா?" என்று கேட்டார். உங்கள் அம்மாவையும் பரிசோதனை நாளன்று கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கேள்வியை அவரே மருத்துவரிடம் கேட்கட்டும். உங்கள் சர்க்கரையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், அது ஏறி இறங்கினால் பவரும் ஏறி இறங்கும், புண்ணும் சீக்கிரம் ஆறாது.

எனக்கு 2023 தொடக்கத்தில் செய்தார்கள், இரண்டு கண்ணுக்கும் 6,800 வெள்ளி. பெரும்பாலான மருத்துவக் காப்புறுதியில் இது சேராது. லேசர் ஓடியது ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை, முடி கருகுவது போல வாசனை வந்தது, வலி இல்லை. வலி அப்புறம்தான். இரண்டாம் நாள் இரவு கண்ணில் மிளகாய்த்தூள் போட்டது போல இருந்தது, திரையை மூடி இருட்டறையில் படுத்திருந்தேன், அம்மாதான் சோறு ஊட்டினார். புண் ஆறும் வரை கண்ணின் மேல் ஒரு லென்ஸ் வைத்திருந்தார்கள், ஐந்தாம் நாள் அதை எடுத்த பிறகு வலி போனது, ஆனால் பார்வை தெளிய இரண்டு வாரம், முழுதாக நிலைக்க மூன்று மாதம். லேசிக் என்றால் மறுநாளே ஓரளவு தெரியும், இவ்வளவு வலி இருக்காது.

எனக்குக் கஷ்டமாக இருந்தது பினாங்கு பாலம். நைட் ஷிப்டுக்கு மோட்டாரில் போகும்போது அந்தப் பாலத்து விளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும், மழை பெய்தால் எதிரே எதுவும் தெரியாது, ஐந்து மாதம் கம்பெனி பஸ்ஸில்தான் போனேன். அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ லேசிக் பற்றி நடத்திய ஆய்வில், அறுவைக்கு முன் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை மூன்றாம் மாதத்தில் வளையமோ கூச்சமோ வேறு ஏதாவதோ புதிதாக இருப்பதாகச் சொன்னார்கள், உலர்வு இல்லாதவர்களில் 30 சதவீதம் வரை உலர்வு வந்தது என்றார்கள். வளையம், கூச்சம் மாதிரியான பார்வைத் தொல்லையால் அன்றாட வேலையே மிகவும் கஷ்டம் என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு வளையம் போய்விட்டது, உலர்வு போகவில்லை, இன்றைக்கும் நைட் ஷிப்டில் இரண்டு முறை சொட்டு விடுகிறேன். இருந்தும் திரும்பச் செய்வாயா என்றால் செய்வேன். நீங்கள் நாள் முழுக்க ஏர்கோனில் கணினி பார்ப்பவராக இருந்து, இப்போதே கண் உறுத்துகிறது என்றால், முதலில் உலர்வுக்கு வைத்தியம் பார்த்து, அது சரியான பிறகு யோசியுங்கள்.

பவர் கடந்த ஒரு வருடத்தில் அரைக்கு மேல் மாறியிருந்தால் காத்திருங்கள். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து எப்படியும் வரும், படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். பவர் போனாலும் கண்ணின் நீளம் குறையாது, அதனால் விழித்திரை கிழியும் அபாயம் அப்படியே இருக்கும், மின்னல் வெட்டுவது போலவோ திடீரென்று நிறையப் புள்ளிகளோ தெரிந்தால் அன்றைக்கே ஓடுங்கள்.

தம்பிக்கு 2023ல் இரண்டு கண்ணிலும் கிராஸ்லிங்கிங் செய்தார்கள், வைட்டமின் பி2 சொட்டு விட்டுப் புற ஊதாக் கதிர் காட்டிக் கருவிழியை இறுக்குவது, பிதுங்கல் அத்தோடு நின்றிருக்கிறது. ஹார்ட் லென்ஸ் போடுகிறான், கண்ணைக் கசக்குவதை அடியோடு விட்டுவிட்டான். நான் கூட்டிக்கொண்டு போயிருக்காவிட்டால் இன்னும் சில வருடம் கண்ணாடிக் கடையிலேயே சுற்றிக்கொண்டிருப்பான்.

ஆகவே, நீங்கள் இந்த வாரமே பரிசோதனைக்கு மட்டும் தேதி வாங்குங்கள், முன்பணம் எதற்கும் கட்டாதீர்கள், லென்ஸ் போடுபவர் என்றால் இன்றைக்கே கழற்றுங்கள். மேப்பையும் கன அளவையும் பிரதி எடுத்து வாங்கிப் பிறப்புப் பத்திரத்தோடு வையுங்கள், செய்துகொண்டால் பல வருடம் கழித்துக் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது பழைய அளவைக் கேட்பார்கள். மேப் கிடைத்ததும் எண்களை இங்கே எழுதுங்கள், என் தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.