இறந்த கணவரின் கார்டு பாக்கிக்கு மனைவி நகையை அடகு வைக்க வேண்டுமா?

கேள்வி: சார், தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். கணவர் கம்பெனி வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அவர் கிரெடிட் கார்டில் 2,80,000 ரூபாய் பாக்கி. மனைவிதான் கட்டணும் என்று வசூல்காரர் போனில் மிரட்டியதால் நாலு மாதமாக மினிமம் தொகை 14,000 கட்டுகிறேன். எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடையில் பில் போடும் எனக்குச் சம்பளமே 16,000. வளையலை அடகு வைத்துவிட்டேன். "தம்பி பேர் கெடக்கூடாது, உன் பேரில் பர்சனல் லோன் போட்டு முடிச்சுடு" என்கிறார் மச்சாண்டார். பிஎஃப் பணம் இன்னும் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில், அடுத்த மாத 14,000-ஐக் கட்டாதீர்கள். லோன் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த மினிமம் தொகை என்ன செய்கிறது பாருங்கள். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வைத்தால் 2,80,000-க்கு 9,800 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆகமொத்தம் சுமார் 11,500. நீங்கள் கட்டிய 14,000-ல் அசல் குறைந்தது வெறும் 2,500. நாலு மாதத்தில் 56,000 கட்டி, கடன் குறைந்தது பத்தாயிரம்தான்!

அதுவும் நீங்கள் வாங்காத கடன். கார்டு கடனுக்கு ஈடு எதுவும் கிடையாது; இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ நீங்கள் கையெழுத்துப் போடாதவரை உங்கள் சம்பளத்தையும் நகையையும் பேங்க் தொட முடியாது. அவர் விட்டுப்போன சொத்திலிருந்து வாரிசுகளுக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்குத்தான் கேட்கலாம். அவர் சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணம், அவர் பெயரில் உள்ள பைக், இவை அந்தக் கணக்கில் வரும். மாமனார் பெயரில் இருக்கும் வீடு வராது. அவர் போன பிறகு அந்தக் கார்டில் நீங்கள் ஏதாவது வாங்கியிருந்தால், அது உங்கள் கடன், அதை மட்டும் கட்டிவிடுங்கள்.

மச்சாண்டார் சொல்கிற லோன்தான் எனக்குப் பெரிய பயம். 16 சதவீதத்தில் மூன்று வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 9,800, மொத்தம் மூன்றரை லட்சத்துக்கு மேல். இன்றைக்கு உங்கள் மேல் இல்லாத கடன், கையெழுத்துப் போட்ட நிமிடமே உங்களுடையதாகிவிடும், அப்புறம் எந்தச் சட்டமும் உதவாது. தம்பி பெயர்தான் அவருக்குக் கவலை என்றால் லோனை அவர் பெயரில் போடட்டும். இதை அவரிடம் நேராகச் சொல்லத் தயங்காதீர்கள்.

பேங்குக்குப் போனில் சொன்னது போதாது. இறப்புச் சான்றிதழ் நகலோடு கடிதம் கொடுத்து, கார்டை முடக்கச் சொல்லி, கார்டோடு காப்பீடு ஏதாவது இருந்ததா என்றும் கேட்டு, ஒப்புகை வாங்குங்கள். வசூல்காரர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைக்கக்கூடாது, மிரட்டவே கூடாது, இது ரிசர்வ் வங்கி விதி. எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பேங்க் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. 14448-ல் விவரம் கேளுங்கள். கோர்ட் நோட்டீஸ் வந்தால் மட்டும் தூக்கிப் போடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, பாரிமுனை கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

பிஎஃப் விஷயத்தில் தைரியமாக இருங்கள். நாமினி நீங்கள் என்றால் அந்தப் பணம் அவருடைய கடனுக்குக் கட்டுப்படாது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. வேலையில் இருக்கும்போது இறந்ததால் இடிஎல்ஐ என்ற, பிஎஃப்போடு சேர்ந்த ஆயுள் காப்பீடும் விதவை பென்ஷனும் உண்டா என்று கம்பெனியில் கேளுங்கள். அந்தக் காப்பீடு 7 லட்சம் வரை வரலாம், பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பணம் வரும் சேதி தெரிந்ததும் யாராவது யூலிப் என்ற, காப்பீடும் முதலீடும் கலந்த பாலிசியோடு வீட்டுக்கு வருவார்கள். ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாத எதுவும் இப்போது உங்களுக்கு வேண்டாம். கமிஷன் வாங்கிக்கொண்டு கார்டு கடனைப் பாதியாக்குகிறோம் என்று வரும் கம்பெனிகளும் வேண்டாம். ஒரு வருடத்துக்கு சாதாரண எஃப்டியில் கிடக்கட்டும்.

வாரிசு சான்றிதழுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் மனு கொடுங்கள். பிஎஃப் வந்ததும் எஃப்டி போடுவதற்கு முன்னால் வளையலை மீட்டுவிடுங்கள். அடகுக்கடை இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம், எந்த எஃப்டியும் அவ்வளவு தராது.