கப்போர்டுக்கு அடியில் எந்த லைட் போடலாம்?

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். சமையலறைக் கூரையின் நடுவில் ஒரே ஒரு விளக்கு. மேடை முன்னால் நின்றால் என் நிழலே காய் நறுக்கும் பலகை மேல் விழுகிறது. மேல் கப்போர்டுக்கு அடியில் லைட் போடலாம் என்று தேடினால் பேட்டரி லைட், ஸ்ட்ரிப், வட்ட லைட், ட்யூப் என்று ஏகப்பட்டது வருகிறது, விலையும் ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசம். சுவரை உடைக்க முடியாது, செலவும் கைக்குள் இருக்க வேண்டும். கப்போர்டு மொத்த நீளம் 2 மீட்டர். எதை வாங்குவது?

பதில்: வாங்குவதற்கு முன்னால் இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். கூரை விளக்கை அணைத்துவிட்டு, மேடை மேல் பலகையை வையுங்கள். ஃபோன் டார்ச்சை எரியவிட்டு, கப்போர்டின் அடிப்பலகையோடு ஒட்டினாற்போல் கீழே பார்த்துப் பிடியுங்கள். முதலில் சுவரை ஒட்டிப் பிடித்து, அப்புறம் மெல்ல உங்கள் பக்கமாக இழுத்து வாருங்கள். சுவரோரம் இருக்கும்போது சுவர்தான் பளிச்சென்று தெரியும், பலகை அரைகுறைதான். மேடை பளபளப்பான கல்லாக இருந்தால் டார்ச்சின் பிம்பம் சரியாக நீங்கள் நறுக்கும் இடத்திலேயே கண்ணில் அடிக்கும். முன் விளிம்புக்கு வந்ததும் வெளிச்சம் பலகை மேலும் கத்தி மேலும் விரல் மேலும் விழும். நடுவில் ஒன்றரைச் சாண் தூரம்தான், ஆனால் மலிவான லைட்டுக்கும் விலை கூடிய லைட்டுக்கும் உள்ளதைவிடப் பெரிய வித்தியாசம் இதில் இருக்கிறது. பலர் சுவரோரம் ஒட்டுவதற்குக் காரணமே பிளக் பாயிண்ட் அங்கே இருப்பதுதான், வயரை மறைப்பது சுலபம். அந்தச் சோம்பல் வேண்டாம்.

சரி, எந்த லைட்?

ஒட்டினால் போதும், வயரே இல்லை என்பதால் பேட்டரி லைட்டைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். துணி அலமாரிக்கும் மாடிப்படிக்கும் அது அருமையான பொருள். சமையலறையில் மாலை முழுக்க எரியவிட்டால் அடிக்கடி கழற்றிச் சார்ஜ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மாதம் போடுவோம், அப்புறம் அது தீர்ந்துபோய் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சென்சார் வைத்தது என்றால் இன்னொரு தொல்லை, நீங்கள் அசையாமல் நின்று நறுக்கிக்கொண்டிருக்கும்போது ஆள் இல்லை என்று முடிவுகட்டி அணைந்துவிடும், கையில் கத்தியோடு காற்றில் கை ஆட்ட வேண்டியிருக்கும். வட்டமான பக் லைட்டுகள் படத்தில் அழகாக இருக்கும். மேடையில் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வெளிச்ச வட்டம், நடுவில் இருட்டு என்று விழும், பலகையை வட்டத்துக்கு நகர்த்திக்கொண்டு திரிய வேண்டும். உங்கள் வேலைக்கு இரண்டுமே வேண்டாம்.

மிச்சம் இரண்டு. ஒன்று, ஒன்றோடொன்று சொருகி நீட்டிக்கொள்ளும் மெல்லிய எல்இடி ட்யூப். வயரும் சுவிட்சும் அதிலேயே வரும், திருகில் மாட்டி பிளக்கில் சொருகினால் வேலை முடிந்தது. ஸ்க்ரூ டிரைவரைத் தாண்டி எதையும் தொட மாட்டேன் என்பவர்கள் இதை வாங்குங்கள், தப்பில்லை. இன்னொன்று, சின்னச் சின்ன எல்இடி புள்ளிகள் வரிசையாகப் பதித்த நாடாவான எல்இடி ஸ்ட்ரிப்பை, அலுமினியம் சேனல் எனும் நீளமான பள்ளப் பட்டைக்குள் ஒட்டி, மேலே பால் நிற மூடி போட்டு, தனி அடாப்டரில் ஓட்டுவது. மீட்டர் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் மலிவு, வெளிச்சமும் இதுதான் சீராக விழும். அரை நாள் கைவேலை இருக்கிறது, அவ்வளவுதான். நான் இதைத்தான் சொல்வேன்.

ஸ்ட்ரிப் வாங்கும்போது பெட்டியில் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, மீட்டருக்கு எத்தனை வாட், எத்தனை லூமன் (லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு). மூடி கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதையும் சேர்த்து, மீட்டருக்கு 600 முதல் 1000 லூமன் வரை இருந்தால் நறுக்கவும் வாசிக்கவும் தாராளம். இது வழக்கமாக மீட்டருக்கு 8 முதல் 12 வாட்டில் கிடைத்துவிடும். அதற்கு மேல் போனால் கண் கூசும், காசும் வீண். அடுத்தது நிறம். 2700 கெல்வின் மஞ்சள், 6500 நீலம் கலந்த வெள்ளை. சமையலறைக்கு 3000க்கும் 4000க்கும் நடுவில் எதையாவது எடுங்கள், கூரை விளக்கின் நிறத்துக்கு ஓரளவு பொருந்துகிற மாதிரி. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்றால் மேடையே இரண்டாகப் பிளந்த மாதிரி தெரியும்.

மூன்றாவதுதான் பலர் பார்க்காமல் விடுவது: சி.ஆர்.ஐ., அதாவது அந்த வெளிச்சத்தில் பொருட்களின் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரிகிறது என்பதற்கான மதிப்பெண். முழு மதிப்பெண் 100. 80 என்பது சுமார், 90 இருந்தால் நல்லது. மலிவான ஸ்ட்ரிப்புகள் சிவப்பில்தான் கோட்டை விடும். பழுத்த தக்காளியை அதன் கீழே வைத்தால் ஏதோ நேற்றைய தக்காளி மாதிரி சோர்ந்து தெரியும், நாம் தக்காளியைக் குறை சொல்வோம். பெட்டியில் இந்த எண்ணே இல்லையென்றால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நிறம் மாறும் ரிமோட் ஸ்ட்ரிப் வேண்டவே வேண்டாம், மூன்று நிறம் கலந்து வருகிற அதன் வெள்ளை வெள்ளையே இல்லை.

இனி அடாப்டர். காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. முதன்முதலில் எங்கள் வீட்டில் போட்டபோது ஸ்ட்ரிப்பும் அடாப்டரும் சேர்ந்த ஒரு செட்டை வாங்கினேன். 5 மீட்டர் ரோல், மீட்டருக்கு 14.4 வாட், மொத்தம் 72 வாட். கூட வந்த அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று எழுதியிருந்தது, பெருக்கினால் 24 வாட். நான் பெருக்கவில்லை. முழு ரோலையும் எரியவிட்டேன், அது பாவம் தொட முடியாத சூட்டில் ஒரு வாரம் முக்கி முனகி எரிந்துவிட்டுக் கண் சிமிட்ட ஆரம்பித்தது. லைட் கெட்டுவிட்டது என்று லைட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குக் கணக்கு இப்படி: 2 மீட்டர், மீட்டருக்கு 10 வாட், ஆக 20 வாட். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்தால் 24 வாட். 12 வோல்ட் ஸ்ட்ரிப் என்றால் 2 ஆம்பியர் அடாப்டர், 24 வோல்ட் என்றால் 1 ஆம்பியர். 3 ஆம்பியர் வாங்கினாலும் ஒன்றும் ஆகாது, ஸ்ட்ரிப் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். ஆனால் வோல்ட் மட்டும் அச்சுப் பிசகாமல் பொருந்த வேண்டும், 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் 24 வோல்ட்டைக் கொடுத்தால் ஒரே நொடியில் பிரகாசமாக விடைபெற்றுக்கொள்ளும். 2 மீட்டருக்கு 12 வோல்ட்டே போதும். 5 மீட்டர் வரை நீளும் வீடுகளில் கடைசிப் பக்கம் மங்கிவிடும், அவர்கள் 24 வோல்ட்டுக்குப் போகலாம். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். 20 வாட்டைத் தினம் 4 மணி நேரம் எரித்தால் ஆண்டு முழுக்க 30 யூனிட்டுக்குள்தான் வரும்.

சேனலை வெறும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். எல்இடிக்கு எதிரி சூடு, அலுமினியம் அதை வாங்கிக்கொள்ளும். பால் நிற மூடி புள்ளிகளைக் கலைத்து ஒரே கோடாக்கும், எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் ஈரத் துணியால் ஒரு துடைப்பில் போய்விடும். மூடி இல்லாத ஸ்ட்ரிப்பில் படிந்த பிசுக்கைச் சுத்தம் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு தண்டனை. கப்போர்டுக்கு முன்னால் கீழே இறங்கும் பட்டை இல்லையென்றால், 45 டிகிரி சாய்ந்த மூலைச் சேனல் வாங்கி, வெளிச்சம் சுவர் பக்கமாகச் சாய்கிற மாதிரி முன் விளிம்பில் வையுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணில் குத்தாது.

ஒட்டும் வேலையில் தோற்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தோற்கிறார்கள். கப்போர்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், வருடக்கணக்கான பிசுக்கு இருக்கும். அதன் மேல் எந்த டேப்பும் நிற்காது. பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, அப்புறம் ஸ்பிரிட்டால் ஒரு தடவை துடையுங்கள். வாடகை வீடு என்பதால் சேனலுக்கு நல்ல தடிமனான டபுள் சைடு டேப் போதும். வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் கூடவே வரும் கிளிப்பைச் சின்னத் திருகில் மாட்டிவிடுங்கள், அது உறுதி. ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கும்போது கத்தரிக்கோல் குறி போட்ட கோட்டில் மட்டும் வெட்டுங்கள். கப்போர்டு வரிசை நடுவில் விட்டுப்போனால் இரண்டு துண்டையும் வயரால் இணைக்கலாம், பிளஸ் பிளஸோடு, மைனஸ் மைனஸோடு. மாற்றிக் கொடுத்தால் அந்தத் துண்டு எரியாது. அழுத்தி மாட்டும் கனெக்டர் நாளடைவில் தளர்ந்து சிமிட்டும், சால்டரிங் தெரிந்த யாரையாவது பிடித்து ஈயம் வைத்துக்கொள்வது மேல்.

அடுப்புக்கு நேர் மேலே ஸ்ட்ரிப் போகக் கூடாது, சூடும் எண்ணெய் ஆவியும் அதைத் தின்றுவிடும். அடாப்டரைக் கப்போர்டின் தலைக்கு மேல் காற்றோட்டமாக வையுங்கள், சிங்க் பக்கம் வேண்டாம், டப்பாவுக்குள் அடைக்கவும் வேண்டாம். இருக்கிற பிளக் பாயிண்ட்டிலேயே சொருகுங்கள். நேரடியாகச் சுவர் வயரில் இணைக்க நினைத்தால் அது எலக்ட்ரீஷியன் வேலை. கூடுதலாக ஒன்றுக்குச் செலவழிக்கலாம் என்றால், அடாப்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் கை வீசினால் எரிந்து, மறுபடி வீசினால் அணையும் சுவிட்ச். ஈரக் கையோடு எதையும் தொட வேண்டாம்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் உடனே டேப்பை உரித்துவிடாதீர்கள். காகித டேப்பால் சேனலைத் தற்காலிகமாக மாட்டி, ஒரு இரவு சமைத்துப் பாருங்கள். அப்புறம் எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். கண் கூசினால் இரண்டு விரல் அளவு உள்ளே தள்ளி ஒட்டுங்கள்.