அன்றைக்கும் தறி ஓடியது

கேள்வி: தொண்ணூறு வயதைத் தாண்டிவிட்ட என் அம்மாயி (அம்மாவின் அம்மா), சேலம் அம்மாபேட்டையில் நெசவாளர் வீட்டில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். ஆடித் திருவிழாவுக்கு உறவினர்கள் கூடும்போது அவருடைய வாழ்க்கையைச் சிறு நூலாக வெளியிட எண்ணுகிறோம். சுதந்திர நாளைப் பற்றிக் கேட்டால், "அன்னைக்கும் தார்தான் சுத்துனேன்" என்கிறார் (தறிக்கான ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றுவதுதான் தார் சுற்றுவது). கொடியேற்றத்தைக் கண்டு கண்கலங்கியதாக ஒரு பத்தி சேர்க்கச் சொல்கிறார் என் மாமா. சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே அச்சிடுங்கள். நாடு விடுதலை பெற்ற நாளிலும் தறி ஓடினால்தான் கூலி என்றிருந்த ஒரு வீடு அந்த ஒரு வாக்கியத்தில் தெரிகிறது.

ஒரு நிகழ்ச்சி எவ்வளவு அருகில் நடந்தது என்பதை வைத்து, அது ஒருவருடைய வாழ்க்கையைத் தொட்டதா என்று முடிவுகட்ட முடியாது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944ஆம் ஆண்டு மாநாடு சேலத்தில்தான் நடந்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் உயிரிழந்தார்கள். இவ்விரண்டும் உங்கள் அம்மாயியின் காதுக்கு எட்டாமலே போயிருக்கலாம். எங்கோ நடந்த உலகப் போரோ, நூல் தட்டுப்பாடாக அவர் வீட்டுத் தறிக்குழிக்குள்ளேயே இறங்கியிருக்கும். ஆகவே, போர் நினைவிருக்கிறதா என்று கேட்காமல், நூல் கிடைக்காத நாட்களில் அடுப்பில் என்ன ஏறியது, அவருடைய அப்பா வேறு என்ன வேலைக்குப் போனார் என்று கேளுங்கள். ராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்ததும் சேலம் மாவட்டத்தில்தான். அப்போது சிறுமியாக இருந்தவருக்குச் சட்டம் தெரிந்திருக்காது. கள்ளுக்கடை மூடிய பிறகு கூலிப் பணம் முழுதாக வீடு வந்து சேர்ந்ததா என்பதைத் தாயார் சொல்லக் கேட்டிருப்பார்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத அந்தத் தலைமுறையின் ஆண்டுகளைக் கணிக்கவும் வரலாறு உதவும். ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் மருத்துவச்சிக்குக் கொடுத்தது அணாவா, நயா பைசாவா என்று கேட்டுப் பாருங்கள். நயா பைசா என்றால் அந்தப் பிள்ளை பிறந்தது, 1957 ஏப்ரலில் அந்தக் காசு வந்த பிறகுதான். அணா என்றால் சற்று எச்சரிக்கை வேண்டும். பழைய காசு அதன் பின்னும் சில காலம் புழக்கத்தில் இருந்தது.

மாமாவுக்கு மனத்தாங்கல் வருமென்றால், விடுதலை நாளைப் பற்றித் தாம் கேட்டறிந்ததைத் தம் பெயரிலேயே ஒரு முன்னுரையாக எழுதித் தரச் சொல்லுங்கள்.